மலை ஏரிக்குக் காற்றடைத்த கயாக்: வாங்கலாமா?

துடுப்பு போட்டு ஓட்டும் இந்தச் சின்னப் படகை வாங்கலாம், ஆனால் தரை ட்ராப் ஸ்டிட்ச் வகையாக, அதாவது உள்ளே நூல்கள் இழுத்துப் பிடித்துத் தட்டையாக நிற்பதாக இருந்தால் மட்டும். இரண்டு பக்கமும் ஊதிய குழாய், நடுவில் காற்று மெத்தை, அவ்வளவுதான் படகு என்று வருகிற மலிவான ரகத்தை நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலை ஏரியில் இறக்கவே வேண்டாம்.

நான் ஓட்டுவது இரண்டு பேர் உட்காரும் கயாக். வெளியே கெட்டித் துணி உறை, உள்ளே தனித்தனிக் காற்றறைகள், தரை மட்டும் ட்ராப் ஸ்டிட்ச். கம்பெனிப் பெயர் போடவில்லை, ஏனென்றால் இதே அமைப்பைப் பல கம்பெனிகள் செய்கின்றன, நாம் பார்க்க வேண்டியது அமைப்பைத்தான். இந்தத் தரையில் மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும், அதனால் காற்று ஏற ஏற உருண்டு உப்பாமல் தட்டையாக விறைத்து நிற்கும். பக்கக் குழாய்களுக்குப் பொதுவாக 2, 3 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) போதும், தரைக்கு 8, 10 வரை அடிக்கலாம். மெத்தைத் தரை என்றால் நாம் உட்கார்ந்த இடம் பள்ளமாகிப் படகே வளைந்துகொள்ளும், துடுப்பில் போடுகிற பலத்தில் ஒரு பங்கு அந்த வளைவுக்கே போய்விடும். காலையில் இது தெரியாது. மதியத்துக்கு மேல் தெரியும்.

மலை ஏரியில் எந்தப் படகுக்கும் உண்மையான பரீட்சை அந்த மதியக் காற்றுதான். வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகும், சரிவை ஒட்டிய காற்று மேலே எழும்பும், அந்த இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வரும், காலையில் ஆடாமல் கிடந்த தண்ணீர் பிற்பகலில் அலையடிக்கும். இருட்டியபின் மேடு குளிர்ந்துவிட்டால் அதே காற்று திசை மாறிக் கீழே இறங்கும். காற்றடைத்த படகோ எடை குறைவு, தண்ணீருக்குள் அதிகம் அமிழாது, பக்கமும் உயரம். ஆகவே காற்று இதைச் சுலபமாகத் தள்ளிக்கொண்டு போகும். எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை கிலோ தாங்கும் என்றெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால், எதிர்க்காற்றில் கரைக்குத் திரும்பி வருமா என்று கேளுங்கள். என் கயாக் வருகிறது. அதே நீளமுள்ள, காற்றடைக்காத கடினமான கயாக்கின் வேகம் இதற்கு இல்லை, தோள் வலிக்கத்தான் செய்யும், ஆனாலும் நின்றுபோகாமல் வருகிறது.

அதற்குப் பாதிக் காரணம் பின்பக்கம் அடியில் மாட்டுகிற சின்ன ஃபின், மீன் துடுப்பு மாதிரியான ஒரு தகடு. அது இல்லையென்றால் ஒவ்வொரு துடுப்புக்கும் முகப்பு இடமும் வலமுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். கழற்றி மாட்டும்படி இருப்பது நல்லது, கரையோரக் கற்களில் முதலில் அடிபடுவது அதுதான். இதற்கு உதிரி கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் காற்றழுத்தம். விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை, மலைக்குப் போகிறவர்களுக்கு மிகவும் தேவையான விஷயம் இது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14.7 பிஎஸ்ஐ, 2,000 மீட்டர் உயரத்தில் 11.5 அளவுக்குத்தான் இருக்கும். சமவெளியில் 3 பிஎஸ்ஐ அடித்து வண்டியின் தலையில் கட்டி அந்த உயரத்துக்குக் கொண்டுபோனால், வெளியே குறைந்த அழுத்தம் உள்ளே கூடுதலாகத் தெரியும், அழுத்தம் காட்டும் கேஜ் 6-ஐத் தொடும். ஒட்டு விடவும் தையல் பிரியவும் இது போதும். ஏரிக்கரைக்குப் போய்த்தான் காற்றடிக்க வேண்டும். அங்கேயும் வேலை ஒரே தடவையில் முடியாது. 30 டிகிரிச் சூட்டில் 3 பிஎஸ்ஐ அடித்துவிட்டு 10 டிகிரித் தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து அழுத்தம் 2 பக்கம் வந்துவிடும். ஓட்டை விழுந்துவிட்டது என்று நிறையப் பேர் பதறுவது இதைப் பார்த்துத்தான், படகில் கோளாறு எதுவும் இருக்காது. தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு மறுபடி அடித்தால் சரி. திரும்பி வந்து கரையில் வெயிலில் போட்டால் நேர் எதிராக நடக்கும், அதனால் படகைக் கரையேற்றியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். மிஞ்சின அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வால்வு சில மாடல்களில் உண்டு, எந்தெந்த அறைக்கு இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். கேஜ் இல்லாத பம்ப் கொடுத்தால் அதைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், கையால் அழுத்திப் பார்த்துக் கணக்குப் போடுவது இந்தத் தரைக்கு உதவாது.

படகு வாங்கியதுபோக மிச்சமாகிற பணத்தை லைஃப் ஜாக்கெட்டில் போடுங்கள். படகே காற்றால் ஆனது, மூழ்காது, ஜாக்கெட் எதற்கு என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கவிழ்ந்த படகைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும், நாம் தண்ணீரில் நிற்போம். உருகிய பனி வந்து சேரும் ஏரியில் மேலே வெயில் சுட்டாலும் தண்ணீர் சுடாது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்கைப் பரப்பினார். உறைகுளிர் தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் நம்மை அறியாமல் மூச்சை உள்ளே இழுப்போம், அப்போது தலை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், நீச்சல் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தாலும் அந்த நேரத்துக்கு அது உதவாது. ஜாக்கெட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவது, இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். ஜாக்கெட் மிதக்கவைக்கும் விசையை நியூட்டனில் சொல்வார்கள்; 50 நியூட்டன் வகை துடுப்பு போட வசதி, ஆனால் மயங்கினவரை முகம் மேலே இருக்கும்படி திருப்பாது. குழந்தைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் 100 நியூட்டனோ அதற்கு மேலோ வாங்குங்கள்.

இந்த வகைப் படகில் எனக்குப் பிடிக்காதது காயவைக்கும் வேலை. துணி உறைக்கும் காற்றறைக்கும் நடுவே தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நாள் கணக்கில் நிற்கும். பூஞ்சை பிடிக்கும் என்பதோடு முடிகிற விஷயம் இல்லை இது, அந்த ஈரத்தோடு ஒரு ஏரியின் உயிரினம் அடுத்த ஏரிக்குப் போய்விடும். வரிக்குதிரைச் சிப்பி என்கிற ஸீப்ரா மஸல் கருங்கடல், காஸ்பியன் பக்கத்து உயிரினம், கப்பல்கள் ஆடாமல் நிற்க அடியில் நிரப்பும் நிலைப்பு நீரில் வந்து 1988-இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து எத்தனையோ ஏரிகளுக்குப் பரவ, இழுத்துக்கொண்டு போகிற படகுகளும் ஒரு காரணம். அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, ஒரு குவளை ஈரம் போதும். அமெரிக்காவின் தாஹோ மலை ஏரியில் மோட்டார் படகுகளைச் சோதித்த பிறகுதான் தண்ணீரில் விடுகிறார்கள். துடைப்பது, வடிப்பது, காயவைப்பது என்ற மூன்றையும் செய்ய இடம் இல்லாதவர்கள் உறை இல்லாத மாடலைப் பாருங்கள், அதில் ஈரம் ஒளிய இடம் குறைவு.

சில்லறை விஷயங்கள்: படகு அகலம் என்பதால் துடுப்பு 230, 240 செ.மீ. இருந்தால்தான் முழங்கை பக்கவாட்டில் இடிக்காது. கூட வரும் இருக்கை முதுகைத் தாங்கவில்லை, வேறு போட்டேன். துணியும் வெயிலில் நைந்துபோகும், உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுமாம், ஆகவே நிழலில் வையுங்கள்.

தாஹோ, தென் அமெரிக்காவின் டிட்டிகாகா மாதிரிக் கடல் போல விரிந்த ஏரியில் நடுவே போக ஆசைப்படுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். ஏரிக்கரையிலேயே படகை நிறுத்தி வைக்க இடம் இருப்பவர்களுக்கும் கடினமான கயாக்தான் லாபம். தோளில் சுமந்து இறங்க வேண்டிய, மோட்டாருக்கு அனுமதி இல்லாத சின்ன ஏரிகளுக்கு, கரையை ஒட்டி, காலையில் இறங்கி மதியத்துக்குள் ஏறிவிடுகிறவர்களுக்கு, இதைவிட நல்லதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை.