இன்லே ஏரிக்கு ரயிலா, பஸ்ஸா?

ரங்கூனிலிருந்து ஷான் மலையில் இருக்கும் இன்லே ஏரிக்குப் போகலாம் என்று பேச்செடுத்தாலே எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அப்பா ரயில் கட்சி, நானும் தம்பியும் பஸ் கட்சி. ஏரிக்குப் பக்கத்து விமான நிலையமான ஹேஹோவுக்கு விமானமும் உண்டு. ஐந்து டிக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

பஸ்ஸில் சிக்கலே இல்லை. சாயங்காலம் ஏறினால் விடியற்காலை ஷ்வேஞாங் முச்சந்தியில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஏரிக்கரை ஊரான ஞாங்ஷ்வே சுமார் 11 கிலோமீட்டர். குறை என்னவென்றால், மலையேறும் பகுதி முழுக்கத் தூக்கத்தில் போய்விடும். மார்கழிக் குளிரில் கம்பளி இல்லாமல் இறங்கி, டீக்கடை அடுப்புப் பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

ரயில் என்றால் ராத்திரி மாந்தலே வண்டியில் தாஜி வரை போய், காலையில் மலை ரயிலுக்கு மாற வேண்டும். தாஜியிலிருந்து ஷ்வேஞாங்குக்கு பஸ் நாலைந்து மணி நேரத்தில் போய்விடும். ரயிலுக்குப் பத்து மணி நேரம் போதாது. ஒரு மீட்டர் அகலமே உள்ள மீட்டர் கேஜ் பாதை, பழைய பெட்டி. ஆட்டத்தில் தேநீர் பாதி மடியில்தான்.

ஆனால் வழியிலுள்ள மலை ஊரான கலோவுக்கு ஏறும் இடம் இருக்கிறதே! சரிவு செங்குத்தாக இருப்பதால் பாதையை இசட் எழுத்துப்போல மடித்துப் போட்டிருக்கிறார்கள். வண்டி ஒரு முட்டில் போய் நிற்கும். ஆள் இறங்கிப்போய்த் தண்டவாளத்தை மாற்றிவிட்டதும், வந்த திசையிலேயே பின்பக்கமாக மேலே ஏறும். முதல் தடவை அம்மா பதறிவிட்டார்: "என்னடா, திரும்பத் தாஜிக்கே போகுது?" கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலுக்குக் கீழே நாங்கள் வந்த தண்டவாளம் தெரிந்ததும்தான் சிரித்தார். 1,300 மீட்டர் உயரத்திலுள்ள கலோ வரை இந்த வித்தைதான். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பாதை போட வந்த இந்தியர்களின் வாரிசுகள் இன்னும் கலோவில் இருக்கிறார்கள். அப்பா ரயில் கட்சியில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த ஸ்டேஷன்களில் காலிஃப்ளவர் மூட்டை மூட்டையாக ஏறும். நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. இன்லேயின் மிதக்கும் தோட்டத்துத் தக்காளியோ படகில் கரைக்கு வந்து, லாரி ஏறி ரங்கூன் போகிறது. ரயிலின் பலமும் பலவீனமும் இதிலேயே தெரிந்துவிடும். தோட்டத்துப் பக்கத்திலேயே ஸ்டேஷன் இருந்தால் மூட்டை ஏறும். ஏரிக்கு மட்டும் அந்த யோகம் வாய்க்கவில்லை.

வரைபடத்தைப் பார்த்தால் தண்டவாளம் ஏரியைச் சுற்றி வளைக்கப் பார்ப்பதுபோல இருக்கும். வடக்கே ஷ்வேஞாங், அதிலிருந்து கிழக்கே மலைமேல் இருக்கும் டாங்ஜி நகரத்துக்கு ஒரு கிளை. மேற்கே கலோவை அடுத்த ஆங்பானில் பிரிந்து, பின்லாங் வழியாகத் தெற்கே லோய்கோ நகரத்துக்கு இன்னொன்று. இரண்டும் 1990களில் ராணுவ ஆட்சி போட்டவை. ஏரித் தண்ணீர் பாலு ஓடையாகத் தெற்கே லோய்கோ பக்கம்தான் இறங்குகிறது. ரயில் பாதை அந்தப் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு மேற்கு மலைமேல் போகிறது. அதனால் லோய்கோ ரயிலில் ஏறினால் ஏரி கண்ணில் படாது. டாங்ஜிக் கிளை அதைவிட மோசம். ரோட்டில் இருபது கிலோமீட்டர்தான். லைன் காரில் (ஆள் சேர்த்து ஏற்றிப் போகும் வண்டி) ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம். வளைந்து வளைந்து ஏறும் ரயிலுக்கு யார் காத்திருப்பார்கள்? லோய்கோ பாதையைக் கிராமத்து ஜனங்களைக் கூலியில்லாமல் பிடித்துவந்து போட்டார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

அதனால் நான் சொல்வது: போகும்போது ரயில், திரும்பும்போது பஸ். மாற்றிச் செய்யாதீர்கள். ஷ்வேஞாங்கில் காலையில் புறப்படும் வண்டி தாஜிக்கு வந்து சேரும்போது, குளிர்காலத்தில் இருட்டிவிடும். கைக்குழந்தையோ முட்டிவலிக்காரரோ கூட இருந்தால் கலோவரை மட்டும் ரயில் போதும், அப்புறம் காரைப் பிடியுங்கள். ஆனால் ஹேஹோவைத் தாண்டியதும் பாதை தன்னையே சுற்றிக்கொண்டு இறங்கும் இடம் தவறிப்போகும்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாந்தலே ரயில் பாதையும் ஏரிக் கிராமங்களும் பலமாக அடிவாங்கின. உள்நாட்டுச் சண்டையினாலும் வழிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தாஜியில் தெரிந்தவர் யாராவது இருந்தால், முந்தின நாள் ஒரு போன் போட்டு வண்டி ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் பையைக் கட்டுங்கள்.