ஏறிக் குதிக்கும் பிள்ளையும் ரப்பர் மர பேபி காட்டும்: இரண்டேகால் வருட அனுபவம்

மகனுக்கு ஐந்து மாதம் ஆனபோது புனலூரில் இந்த பேபி காட்டை, அதாவது சுற்றிலும் மரச் சட்டங்கள் (அழி) வைத்த குழந்தைக் கட்டிலை, வாங்கினோம். செங்கோட்டைக்காரர்கள் ஆரியங்காவு தாண்டிப் போய் மரச்சாமான் எடுப்பது பழகிய விஷயம்தான். பால் வற்றிய ரப்பர் மரத்தை அறுத்து, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிச் செய்தது. மரத்தில் குறை இல்லை. சாரல் காலத்தில் திருகாணி இளகும், ஆனி ஆடி முழுக்க வாரம் ஒரு தடவை முடுக்க வேண்டும். மற்றபடி ஒரு வயது வரை நிம்மதியாகத் தூங்கினான்.

ஒன்றே முக்கால் வயதை நெருங்கும்போது ஒரு மதியம், அடுக்களையில் இருந்தேன், தொப்பென்று சத்தம். உடனே அழுகை வரவில்லை. அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. நெற்றியில் புளியங்கொட்டை அளவு வீக்கம். வாந்தியோ, எழுப்ப முடியாத தூக்கமோ இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

மறுநாள் கதவோரம் நின்று பார்த்தேன். பஞ்சு யானையை மூலைக்குத் தள்ளினான். அதன் முதுகில் ஏறி, மேல்கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது குதிகாலைத் தூக்கி மாட்டினான். உடம்பு வெளியே சாய்வதற்குள் ஓடிப் பிடித்துவிட்டேன்.

தப்பு எங்கே என்று டேப் வைத்து அளந்தபோதுதான் தெரிந்தது. காட்டோடு வந்த மெத்தை கட்டியாக இருக்கிறது என்று அத்தை இலவம்பஞ்சில் ஒன்று தைத்துத் தந்திருந்தார்கள். அதை மேலே விரித்ததில் 22 அங்குல ஆழம் 18 ஆகிவிட்டது. அவன் நின்றால் கட்டை தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே! நிற்கும் பிள்ளையின் நெஞ்சுக்குக் கீழே கட்டை வந்துவிட்டாலோ, உயரம் 35 அங்குலத்தைத் தொட்டாலோ காட்டை நிறுத்திவிட வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பஞ்சு மெத்தையையும் பொம்மைகளையும் எடுத்தேன். மெத்தையைத் தாங்கும் பலகை ஏற்கெனவே கடைசிப் படியில், அதாவது இருப்பதிலேயே தாழ்வாகத்தான் இருந்தது.

ஐந்து வாரம் தாங்கியது. அப்புறம் எந்தப் பிடிமானமும் இல்லாமலே ஏறினான். மேலே மாட்டும் வலை வாங்கலாம் என்றார் கணவர். கழுத்தோ கையோ சிக்கினால் என்ன செய்வது? நான் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தையோ, "பிள்ளைய எங்கிட்ட விடு, சேலைத் தொட்டில்ல ஆட்டித் தூங்க வைக்கேன்" என்றார்கள். எழுந்து நிற்கிற வயதில் அது இதைவிடப் பயம்.

அன்றைக்கே மெத்தையைத் தரையில் போட்டோம். பீரோவைச் சுவரோடு ஆங்கிள் வைத்து இறுக்கினோம், பிளக் துளைகளை மூடினோம், வாசலில் குட்டிக் கேட் போட்டோம். குளியலறை வாளியை ராத்திரி கவிழ்த்து வைப்பதை மறக்கவே கூடாது.

முதல் ராத்திரி பதினோரு தடவை எழுந்து வந்தான். பேச்சுக் கொடுக்காமல், விளக்குப் போடாமல் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். இரண்டாம் ராத்திரி அத்தையே பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் விடியும்வரை தூங்கினான். ஏற முடியாதபடி காட்டை எப்படி மாற்றலாம் என்று யோசித்த அந்த ஐந்து வாரத்தை நான் வீணாக்கியிருக்க வேண்டாம். ஒரு தடவை ஏறிவிட்டால் பிள்ளையின் படுக்கையைத் தரைக்கு இறக்கிவிடுங்கள்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். மூன்று வயது வரை வரும் என்று கடையில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். கடைசிப் படியில் மெத்தையோடு ஆழத்தை அளங்கள். அழிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, கால் வைக்கக் குறுக்குச் சட்டமும் கூடாது. ஒரு பக்கம் கீழே இறங்கும் மாடல் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் அதன் விற்பனையை 2011இல் தடை செய்துவிட்டார்கள்.

இப்போது ஒரு பக்க அழியைக் கழற்றி வைத்திருக்கிறோம், உள்ளே அவன் பொம்மைகள். ஐப்பசியில் தங்கைக்குப் பிரசவம். திருகாணிகளைத் துணிப்பையில் முடிந்து, கூடவே வந்த கட்டியான மெத்தையோடு காட்டைக் கொடுக்கப் போகிறேன். இலவம்பஞ்சு மெத்தை இங்கேயே இருக்கும்.