கனகபுரா பக்கம் பத்து குண்டே (கால் ஏக்கர்) நிலம்: புரோக்கர் சேவை எப்படி? (5க்கு 2)

பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருபது வருஷம். கரண்ட் கனெக்‌ஷனே வாங்காமல் சோலார், மழைநீர்த் தொட்டியோடு ஒரு சின்ன வீடு கட்டிப் போய்விட வேண்டும் என்று நானும் கணவரும் ஆசைப்பட்டோம். விலை மலிவு என்றதால் இவர்களிடம் போனோம்.

நிலம் காட்டியதில் குறை சொல்ல மாட்டேன். காலை ஆறு மணிக்கே வண்டி வந்தது. செம்மண், ஓரத்தில் இரண்டு புளியமரம். மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

பேப்பரில்தான் வயிறு கலங்கியது. "வீடு கட்டிக்கலாம் மேடம், பஞ்சாயத்துல பாத்துக்கலாம்" என்றார் புரோக்கர். கர்நாடகாவில் விவசாய நிலத்தில் பண்ணை வீட்டுக்கு மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் நிலத்தை கன்வர்ஷன், அதாவது விவசாயம் அல்லாத நிலமாக மாற்றம், செய்ய வேண்டும். பத்து குண்டேயில் அது ஒரே குண்டே, 1,089 சதுர அடி. எங்கள் இருவருக்கு அது தாராளம். ஆனால் இதை அவர் சொல்லவில்லை, அல்சூர் வக்கீலம்மாதான் சொன்னார். விவசாயி இல்லாதவரும் வாங்கலாம் என்று 2020இல் சட்டம் மாறியதையும் அவரே விளக்கினார்.

பெரிய சிக்கல் வேறு. எங்கள் பத்து குண்டேயை மட்டும் தனியாக அளந்து காட்டும் சர்வே வரைபடம், அதாவது 11இ ஸ்கெட்ச், கிடையாது; பஹணியில் (நில உரிமைப் பதிவேடு) பழைய உரிமையாளர் பெயர்தான். ஸ்கெட்ச் கேட்டதும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பினோம். அந்தப் புளியமரம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

போகிறவர்கள் பஹணி, வில்லங்கச் சான்று, ஸ்கெட்ச் மூன்றையும் கையில் வாங்கிய பிறகே வண்டி ஏறுங்கள்.