ஆலய வாசல் கடைகளில் விற்கும் திருவருகைக்கால வளையம்: வாங்கலாமா?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்புக் காலம்தான் திருவருகைக்காலம். ஞாயிறுக்கு ஒரு மெழுகுதிரியாகக் கூட்டிக்கொண்டே ஏற்ற வளையம் வைப்பார்கள். நவம்பர் பாதி தாண்டினால் கோவை பெரியகடை வீதிப் பக்கமும் திருப்பூர், ஈரோடு ஆலய வாசல் கடைகளிலும் இந்த அட்டைப்பெட்டி வந்துவிடும். உள்ளே ஓரடி அகலத் தெர்மாகோல் வளையம், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் இலை, திரி செருக நான்கு பிளாஸ்டிக் குப்பி, மூன்று ஊதா மெழுகுதிரி, ஒரு ரோஜா நிறத் திரி, நாளுக்கொரு பக்கமாக 28 பக்கக் கையேடு. இறைவனின் சித்தத்தை நம்பி ஏற்பதுதான் கையேட்டின் பொருள். பெயர் போடாமல் பலர் தயாரிக்கிறார்கள். பெட்டிக்குப் பெட்டி சிறு வித்தியாசம் இருக்கும்.

திரியிலிருந்து தொடங்குவோம். தடிமன் 22 மி.மீ., உயரம் 15 செ.மீ. இந்தத் தடிமனில் பாரஃபின் திரி காற்றடிக்காத இடத்தில் மணிக்குச் சுமார் 2.5 செ.மீ. கரையும். 2026இல் திருவருகைக்காலம் நவம்பர் 29 ஞாயிறு தொடங்கி டிசம்பர் 24 வரை 26 நாள். முதல் திரி 26 நாளும் எரிய வேண்டும். இரண்டாவது 19 நாள், மூன்றாவது 12, நான்காவது வெறும் 5. கையேடு சொல்கிறபடி தினம் 15 நிமிடம் ஏற்றினால் முதல் திரி ஆறரை மணி நேரம் தாங்கணும். அதற்கு 16 செ.மீ.க்கு மேல் மெழுகு வேண்டும். இருப்பது 15, அதிலும் ஒன்றரை செ.மீ. குப்பிக்குள் போய்விடுகிறது. கணக்குப்படி நான்காம் ஞாயிறன்றே, நான்கு திரியும் சேர்ந்து எரிய வேண்டிய அன்றைக்கு, முதல் திரி தீர்ந்துவிடும். தயாரிப்பவர் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தினம் 10 நிமிடம் போதும். அப்போது முதல் திரி 11 செ.மீ. அளவுக்குக் கரைந்து, கடைசி நாள் வரை வரும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு சேர்கிறவர்களுக்கு 10 நிமிடம்தான் நடக்கிற காரியமும்கூட. சமமாகக் கரையட்டும் என்று திரிகளை இடம் மாற்றி வைப்பவர்கள் உண்டு, அது வேண்டாம். படிப்படியாகக் குட்டையாகும் அந்த உயர வித்தியாசத்தைப் பார்த்தே எத்தனை வாரம் காத்திருந்தோம் என்று சொல்லிவிடலாம்.

வளையம்தான் இந்தப் பெட்டியின் மோசமான பாகம். தெர்மாகோல் 100 டிகிரி வாக்கிலேயே இளகும், தீப்பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். கடைசி வாரத்தில் முதல் திரியின் சுடர் இலைக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஆகவே முதல் குப்பியைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு இலையை வெட்டி எடுத்துவிடுங்கள். இன்னும் நல்லது, வளையத்தையே ஒதுக்கிவிட்டு அகலமான மண் தட்டில் ஈர மணல் பரப்பி நான்கு திரியையும் நட்டுவிடுவது. பச்சைக்குச் சவுக்குக் கொத்து வைத்தால் மூன்று நான்கு நாளில் காய்ந்து பற்றிக்கொள்ளும் பதத்துக்கு வந்துவிடும். துஜா என்கிற தோட்டச்செடிக் கொத்து கொஞ்சம் தாங்கும். ஒடித்தால் சடக்கென்று முறிகிற கொத்தை அன்றே மாற்றிவிடணும்.

குப்பி திரியைவிட அகலம். திரி சாயும், ஒரு பக்கமாக ஒழுகும், அதனால் ஆயுளும் குறையும். அடியில் அலுமினியத் தாள் சுற்றினால் இறுகும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் கருகிய நூலைக் கால் அங்குலம் விட்டுக் கத்தரித்தால் புகை குறையும். நிறம் மேல்பூச்சு மட்டும்தான். உள்ளே வெள்ளை தெரிந்தால் குறையில்லை. ரோஜாத் திரி மூன்றாம் ஞாயிறுக்கு, 2026இல் டிசம்பர் 13. சில பெட்டிகளில் அதற்குப் பதில் பளிச்சென்ற சிவப்பு வைத்துவிடுகிறார்கள், திறந்து பார்த்து வாங்குங்கள். கிறிஸ்துமஸ் இரவு நடுவில் ஏற்றும் வெள்ளைத் திரி பெட்டியில் கிடையாது. மளிகைக் கடைத் திரியே போதும்.

கையேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும். இந்தக் காலம் ஆண்டுக்கு ஆண்டு 22 முதல் 28 நாள் வரை மாறும். கையேடோ எப்போதும் 28 நாள் என்று வைத்து அச்சாகியிருக்கிறது. 2026இல் நான்காம் வாரம் வியாழனோடு முடிவதால் கடைசி இரண்டு பக்கம் படிக்காமலே போகும். அவற்றில் ஒன்று மரியாவின் கணவர் யோசேப்பைப் பற்றியது. இறைசித்தம் பற்றிய கையேட்டில் யோசேப்பு விடுபட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

அதைவிடப் பெரிய குறை அதன் தொனி. பக்கத்துக்குப் பக்கம் 'கேள்வி கேட்காதே, ஏற்றுக்கொள்' என்கிறது. ஆர்டர் ரத்தானாலும் மழையில் மஞ்சள் அழுகினாலும் அதே பதில். "விதிங்க, என்ன பண்றது" என்று நம் பக்கம் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. நற்செய்தியில் மகன் பிறப்பான் என்று வானதூதர் சொன்னதும் மரியா முதலில் இது எப்படி நிகழும் என்று கேட்கிறார் (லூக்கா 1:34), பதிலைக் கேட்ட பிறகே சம்மதிக்கிறார் (1:38). யோசேப்பு தன் அறிவுக்கு எட்டியபடி மரியாவை மறைவாக விலக்கிவிட முடிவெடுத்து, கனவுக்குப் பின் அதை மாற்றிக்கொண்டு, எழுந்து காரியத்தைச் செய்கிறார். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு வரி இல்லை. ஆனால் சும்மா உட்கார்ந்ததாகவும் இல்லை. திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா, மகன் பிறப்பான் என்ற வானதூதரிடம் உறுதிச் சான்று கேட்டுப் பேச்சிழந்து, குழந்தை பிறந்து பெயரிடும் நாள் வரை காத்திருக்கிறார். நம்பி ஏற்பது ஒரே நொடியில் முடிகிற வேலை இல்லை என்பதற்கு அவரைவிட நல்ல ஆள் கிடையாது. கையேட்டில் அவர் ஒரு பக்கத்தில்கூட இல்லை.

ஆகவே முதல் 18 பக்கத்தைப் பயன்படுத்துங்கள். திருப்பாடல்கள் நன்றாகத் தேர்ந்திருக்கிறார்கள், எழுத்தும் வயதானவர்களுக்கு வாசிக்கும் அளவில் பெரிது. டிசம்பர் 17இலிருந்து கையேட்டை மூடிவிட்டுத் திருப்பலி வாசகங்களுக்கே வந்துவிடலாம். 18ஆம் தேதி யோசேப்பு (மத்தேயு 1:18-25), 19 செக்கரியா (லூக்கா 1:5-25), 20 மரியாவுக்கு அறிவிப்பு (1:26-38), 21 செக்கரியாவின் மனைவி எலிசபெத்தை மரியா சந்தித்தல், 22 மரியாவின் பாடல், 23 செக்கரியாவின் நாவு கட்டவிழ்வது, 24 அவர் பாடல். 2026இல் 20ஆம் தேதி ஞாயிறாக இருந்தாலும் மூன்றாண்டு ஞாயிறு வாசகச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டுப்படி அன்றைக்கும் அதே அறிவிப்புப் பகுதிதான் வருகிறது, வரிசை குலையாது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களும் பழைய திருப்புதல் என்கிற தங்கள் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் இதே பகுதிகளை எடுத்து வாசிக்கலாம்.

பத்து நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஏற்ற ஒன்று, வாசிக்க மூன்று, பேசாமல் இருக்க மூன்று, நடுவில் நிற்கிற காரியம் ஒன்றை, கல்யாணப் பேச்சோ வங்கிக் கடனோ, பெயர் சொல்லி வேண்ட இரண்டு, அணைக்க ஒன்று. ஊதி அணைத்தால் மெழுகு தெறிக்கும். சிறு கரண்டியைக் கவிழ்த்து மூடுங்கள்.

முழுப் பெட்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நான்கு திரியைத் தனியாகத் தருகிற கடை இருந்தால் 20 செ.மீ. உயரத்தில் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு, முதல் ஞாயிறுக்கு மட்டும் இன்னும் நீளமான வேறு திரி வைத்து, பெட்டியிலுள்ள ஒரு ஊதாத் திரியைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.