வேங்கை மர டம்ளர்: 45 நாள் குடித்துப் பார்த்ததில்

எனக்குச் சர்க்கரை வந்து 9 வருஷம் ஆகிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின். நான் மாத்திரை விழுங்குவதைப் பார்த்து மனசு கேட்காமல் என் மகள் போன தை மாதம் ஒரு வேங்கை மர டம்ளரை ஆன்லைனில் வரவழைத்தாள். விலை 480 ரூபாய். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை குறையும் என்கிறார்கள், அவ்வளவுதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 27 வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவள் நான். சும்மா குடித்துவிட்டுப் போக முடியுமா? நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன்.

இதற்கு முன்னால் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். பொருட்காட்சி ஸ்டால் ஒன்றில் இதே மாதிரி டம்ளர், 250 ரூபாய். தண்ணீர் ஊற்றிய பத்தாவது நிமிஷமே பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போலச் சிவந்துவிட்டது. அடடா என்று சந்தோஷப்பட்டேன். நாலாம் நாள் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. ஏதோ ஒரு கட்டையைச் சாயத்தில் முக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த டம்ளர் அவசரப்படவில்லை. முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஊற்றியது, காலை ஐந்தரைக்கு இளம் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. அதைக் கண்ணாடி டம்ளரில் மாற்றிக் கொல்லைப்புறம் வெயிலுக்கு எடுத்துப்போய், பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துப் பார்த்தேன். பழுப்புத் தண்ணீரின் விளிம்பில் மயில்கழுத்து நீலம் ஒன்று மிதந்தது. வேங்கை வைரத்திலிருந்து, அதாவது மரத்தின் நடுக்கட்டையிலிருந்து, இறங்கும் சில பொருள்கள், வெயிலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி விடுகின்றன. சாயக் கட்டையில் இதைப் பார்க்கவில்லை. பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாட்டி, மேஜிக்கா?" என்றான். அந்த ஒரு காலைக்கே 480 ரூபாய் சரியாகப் போயிற்று.

ருசி துவர்ப்பு. கொட்டைப்பாக்கை மென்றபின் நாக்கு இழுக்குமே, அதில் கால்வாசி. டானின் என்ற துவர்ப்புப் பொருளின் வேலை அது. நாக்கிலிருக்கும் எச்சில் புரதத்தைப் பிடித்துச் சுருட்டிவிடும். வேங்கைப் பட்டையைக் கீறினால் ரத்தம் போல வடியும் பிசினில் இந்த டானின் மொத்தமாக இருக்கிறது. நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு வைக்கும் வேங்கைப் பால் பொட்டு அதுதான். வெள்ளைக்காரர்கள் அதை மலபார் கினோ என்று பெயரிட்டு, வயிற்றுப்போக்குக்குத் தங்கள் மருந்துநூலிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, சர்க்கரைக்கு வருவோம். டம்ளரோடு வந்த துண்டுச்சீட்டில் "40 நாளில் மாத்திரைக்கு விடை" என்று போட்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். மரத்தில் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரைக்கு நல்லது என்று பேசப்படும் எபிகேட்டசின், டெரோஸ்டில்பீன் என்ற வேதிப்பொருள்கள் எல்லாம் இதில் இருப்பது உண்மை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களுக்கு வேங்கைச் சாறு கொடுத்துப் பார்த்து, பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததாக 1998ல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் கொடுத்தது கிராம் கணக்கில் நிறுத்த சாறு, அதுவும் டாக்டர் மேற்பார்வையில். ராத்திரி ஊறிய தண்ணீர் இல்லை. 1980களின் தொடக்கத்தில், பட்டையிலுள்ள எபிகேட்டசின் எலிகளின் கணையத்தில் அழிந்த, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை மறுபடி வளர்க்கிறது என்று ஒரு பேச்சு பெரிதாகக் கிளம்பியது. வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. சீட்டுக்காரர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. டெரோஸ்டில்பீன் என்பது திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ராலின் தங்கை. தண்ணீரோடு ஒட்டும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இரண்டுக்குப் பதில், அவ்வளவு ஒட்டாத மெத்தாக்சி தொகுதிகள் இரண்டு. அதனால் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. வெறும் தண்ணீரில் எவ்வளவு இறங்கிவிடும்? இறங்குகிற மற்றதும் நாளுக்கு நாள் குறைகிறது. பத்தாம் நாள் டிக்காஷன் வெளிறிப்போனது. முப்பதாம் நாள் சீரகத் தண்ணீர் அளவுக்குத்தான் நிறம். 45ஆம் நாள் வெயிலில் பிடித்தால் நீலம் இருக்கிறதா, என் ஆசையா என்று சந்தேகம். முதல் நாள் ஒரு அளவு, கடைசி நாள் ஒரு அளவு என்றால் அதை மருந்து என்று எப்படிக் கணக்குப் பண்ணுவது?

என் கணக்கு இது: டம்ளருக்கு முந்தைய இரண்டு வாரம் வெறும் வயிற்றுச் சராசரி 143. கடைசி இரண்டு வாரம் 139. மாத்திரை, சாப்பாடு, நடை எதையும் மாற்றவில்லை. வீட்டு மீட்டருக்கே 15 சதவீதம் வரை முன்னே பின்னே அனுமதி உண்டு. ஆக, ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டம்மா, "டீச்சர், நாலு குறைஞ்சிருக்கே!" என்றார். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசல் வேலை சுத்தம். வெளிப்புற வெள்ளைக் கட்டை கலக்காமல் வைரத்தில் மட்டும் கடைந்திருக்கிறார்கள், கையில் எடுத்தால் கனம் தெரிகிறது. சோப்பு கூடாது, வெந்நீர் கூடாது. குடித்ததும் கவிழ்த்து நிழலில் காயவைக்க வேண்டும். ஊருக்குப் போயிருந்தபோது ஈரத்தோடு மூடி வைத்துவிட்டேன், அடியில் பூசணம் பூத்துவிட்டது. தேய்த்துக் கழுவி மறுபடி ஆரம்பித்தேன். அந்த இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு விளிம்பில் மயிரிழை போல ஒரு கீறல் விட்டது, இன்னும் ஒழுகவில்லை.

வேங்கை இப்போது அருகிவரும் நிலையை நெருங்கும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. அதனால் விற்றவருக்குப் போன் போட்டு, கட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "எல்லாம் வனத்துறை டிப்போ ஏலத்தில் எடுத்ததும்மா" என்றார். ஏலச் சீட்டு நகல் கிடைக்குமா என்றேன். அனுப்புகிறேன் என்றார். மறுநாள் வாட்ஸப்பில் என் பில்லையே திரும்ப அனுப்பியிருந்தார். அதில் எழுதியிருந்தது: மரச்சாமான், 1.