'இம்போர்ட்டட் டயர்' என்று சொன்னால் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாகப் பெங்களூரிலிருந்து பிஎம்டபிள்யூ, பென்ஸ் என்று மலிவாக வாங்கி வந்தவர்கள், இதைப் படித்துவிட்டு டயர் கடைக்குப் போங்கள். நான் 22,000 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டதை இங்கே சும்மா எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பிஎம்டபிள்யூ 320டி, மூன்றாவது கை வண்டி. "உனக்கெதுக்குடா இது" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள், அது வேறு கதை. இந்த வண்டிக்கு இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்துக்கு. நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுப்பவை. அவற்றை ஓட்டிப் பழகியவனுக்கு இது கை நிறைய சந்தோஷம். ஆனால் பின் டயர் பிடிப்பை விட்டால் வண்டி வாலை ஆட்டும்.

2024 மார்ச்சில் ஒரு டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. இந்த வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது, காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர்தான். புதுசாக நாலும் மாற்ற விசாரித்தால் அறுபதாயிரத்தைத் தாண்டியது. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் ஹைவே ஓரத்தில் இருக்கும் அந்தக் கடையைச் சொன்னார். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். டீ வரவழைத்தார். உள்ளேயிருந்து பையன் நாலு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். கறுப்பு பாலிஷ் போட்டுப் புது மாப்பிள்ளை மாதிரி மின்னின. "சார், வெளிநாட்டுல அஞ்சாயிரம் கிலோமீட்டர் கூட ஓடாத சரக்கு. பட்டன் பாருங்க, எவ்ளோ ஆழம்." பார்த்தேன், உண்மையிலேயே ஆழம். ஒவ்வொரு பட்டன் மேலும், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டம் மேலும், கத்தியால் கீறினாற்போல் நெளிநெளியாக மெல்லிய கோடுகள். அங்கங்கே வரிசையாகப் பென்சில் முனை நுழையும் அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் வேறு.

"இது என்னங்க ஓட்டை?"

"காத்து போறதுக்கு சார். டயர் சூடாகாது."

நம்பினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. ரன்ஃபிளாட்தானே என்று கேட்டதற்கு "ஆமா சார்" என்று தலையாட்டினார். ஒன்று 5,500 ரூபாய். பில் கேட்டேன். "பில்லுன்னா 28 பர்சென்ட் ஏறும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று எஸ்டிமேட் சீட்டில் வெறும் தொகையை எழுதிக் கொடுத்தார். ஜிபேயில் அனுப்பினேன். அது ஒன்றுதான் இன்றைக்கு என் கையில் இருக்கும் அத்தாட்சி.

முதல் வாரமே ரோட்டில் ஒரு ரீங்காரம், ஜன்னலை ஏற்றினாலும் போகவில்லை. அதைவிட, சிக்னலில் கொஞ்சம் வேகமாக எடுத்தாலே மீட்டரில் வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு சிமிட்டியது. பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலப் போகிறது, கம்ப்யூட்டர் அடக்குகிறது என்று அர்த்தம். கடைக்குப் போன் போட்டால், "சென்சார்ல தூசி சார், வாட்டர் வாஷ் பண்ணுங்க." செய்தேன், வாஷுக்கு 600 போனதுதான் மிச்சம். ஏப்ரலில் இங்கே வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. மட்கார்டுக்கு உள்ளே கையை விட்டால் அழிரப்பர் தேய்த்த தூள் மாதிரி கறுப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

மே மாதம் சேலத்தில் ஒரு கல்யாணம். தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்தை நெருங்கும்போது கோடை மழை பிடித்தது. அந்த இறக்கத்தைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் என்ன சொல்ல, மாசத்துக்கு ஒரு தடவையாவது விபத்துச் செய்தியைப் பேப்பரில் பார்க்கிறோம். எத்தனையோ நாள் தூசியும் ஆயிலும் படிந்த ரோட்டில் முதல் பத்து நிமிஷ மழை. எல்லோரும் சொல்லிக் கொடுத்தபடி பிரேக்கையே நம்பாமல் கியரைக் குறைத்தேன்.

பின்பக்கம் வெளியே போய்விட்டது.

வளைவில் கார் தன்னிஷ்டத்துக்குக் குறுக்கே திரும்ப, பின்னால் வந்த லாரியின் ஹெட்லைட் என் பக்கத்துக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது, பின் கண்ணாடி வழியாக அல்ல. அந்த லாரி டிரைவர் முன்னமே வேகத்தைக் குறைத்து வந்ததால் தப்பித்தோம். ஹாரனை அழுத்தியபடி ஒதுங்கிப் போனார், அவர் குலம் தழைக்கட்டும். சம்சாரம் அரை மணி நேரம் பேசவில்லை. கல்யாணத்தில் சாப்பாடு எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுபதில் வந்தேன், மழைக்கு அது அதிகம். அதோடு, பின்சக்கர இழுவை வண்டியில் கியரைக் குறைத்தால் இன்ஜின் பிடிக்கும் பிடி முழுக்க பின் டயர்களுக்குத்தான் போகும். இறக்கத்தில் வண்டியின் பாரமோ முன்னால் சாய்ந்திருக்கும். பாரம் குறைந்த சக்கரத்தில் இழுத்துப் பிடித்தால் வழுக்கத்தானே செய்யும்? ஆனால் அதே இறக்கத்தில், அதே மாதிரி மழையில், பழைய டயரோடு இரண்டு முறை போயிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

மச்சினன் மாண்ட்ரியலில் இருக்கிறான். அவனிடம் இருப்பதும் பின்சக்கர வண்டி, மாஸ்டா எம்எக்ஸ்-5, ரெண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் போட்டே ஆக வேண்டும், சட்டம். நாலு பனிக்காலமாக அந்தப் பனியில் அதை ஓட்டுகிறான். டிக்கியில் மணல் மூட்டை வைப்பானாம், பின் சக்கரத்துக்குப் பாரம் வேண்டுமே. ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது முதல் கியருக்குப் பதில் இரண்டாவதைப் போட்டு மெதுவாக விடுவானாம், சக்கரத்துக்குப் போகும் விசை குறைந்தால் அது வழுக்கிச் சுழலாது. அவனுக்கு என் டயரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அங்கே விடிகாலை, உடனே கூப்பிட்டான்.

"மாமா, இது ஸ்னோ டயர். அங்க ஏன் மாமா போட்டீங்க?"

"என்னடா சொல்ற?"

"பக்கவாட்டுல மூணு சிகரம் வெச்ச மலை, அதுக்குள்ள நட்சத்திரம் மாதிரி ஸ்னோஃபிளேக் படம் இருக்கு பாருங்க. அந்த ஓட்டை இருக்கே, அது ஆணி அடிக்கிறதுக்கு. ஐஸ்ல பிடிக்கறதுக்கு அதுல இரும்பு ஆணி குத்துவாங்க."

காற்று போகிற ஓட்டை!

டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். பாலிஷைத் துடைத்ததும் மலைப் படம் தெரிந்தது, கட்டைவிரல் நகம் அளவுதான். கூடவே 'டிஓடி' என்று தொடங்கும் எழுத்து வரிசை. அதன் கடைசி நாலு இலக்கம் 3816. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2016-ஆம் வருஷம் 38-வது வாரம் செய்த டயரை எனக்கு 2024-ல் விற்றிருக்கிறார். ரன்ஃபிளாட் என்பதற்கான 'ஆர்எஸ்சி' முத்திரை எங்கேயும் இல்லை. பட்டன் அடியில் மயிரிழை வெடிப்புகள். இதையெல்லாம் மறைக்கத்தான் அந்தப் பாலிஷ்.

பனி டயர் கெட்ட டயர் அல்ல. அங்கே அது உயிர் காக்கும். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்து, பிடிப்பு குறையும். அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி பனி டயரைச் செய்கிறார்கள். அந்த நெளிகோடுகள் பனியைக் கவ்வுவதற்கு. அதே ரப்பர் நம் ஊர் வெயிலில் குழைந்து போகும். பட்டன்கள் நெளியும், சீக்கிரம் தேயும், பிரேக் போட்டால் வண்டி நிற்கும் தூரம் கூடும். என் வண்டி வழுக்கியதற்குப் பனி டயர் எவ்வளவு, ஏழரை வயசு எவ்வளவு, என் கால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. முதல் இரண்டையும் என்னிடம் சொல்லாமல் விற்றார் என்பதுதான் என் வழக்கு.

கடைக்குப் போனேன். இந்தத் தடவை டீ இல்லை. "செகண்ட் ஹேண்டுக்கு கேரண்டி கிடையாது சார், தெரிஞ்சுதான வாங்கினீங்க." மலைப் படத்தைக் காட்டினேன். "அது கம்பெனி லோகோ." பேச்சு கொஞ்சம் சூடானதும் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எடுத்து என்ன செய்வீர்கள் என்றேன். பதில் இல்லை. மூலையில் பையன் இன்னொரு செட்டுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் நண்பர் முதலில் கேட்டதே "பில் இருக்கா?" என்பதுதான். எஸ்டிமேட் சீட்டில் கடை பெயர்கூட இல்லை. ஜிபே போயிருப்பதும் கடைக்காரர் பேருக்கு இல்லை, யாரோ ஒரு பெண் பேருக்கு. அதனால் பணம் அனுப்பும்போது திரையில் யார் பெயர் வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சாதாரணப் புது டயர் நாலு, பில்லோடு, இந்த வருஷத் தேதி பார்த்து வாங்கிப் போட்டாயிற்று. மஞ்சள் விளக்கு அதற்குப் பிறகு ஒரு முறைகூட சிமிட்டவில்லை. பழைய நாலையும் இரும்புக் கடையில் போடுவதற்கு முன்னால் பக்கவாட்டில் கத்தியை விட்டு நீளமாகக் கிழித்தேன். அரை மணி நேரம் ஆனது. பாலிஷ் போட்டாலும் இனி அவை யார் வண்டியிலும் ஏறாது.