ஜாக்சன் ஹைட்ஸில் ஒன் பெட்ரூம் கோஆப்: குடியிருந்து பார்த்த அனுபவம்

எங்கள் கட்டடத்தில் எங்களுக்கு நேர் மேலே இருக்கும் ஒன் பெட்ரூம் விற்பனைக்கு வந்திருக்கிறது. நியூயார்க்கில் வீடு தேடும் நண்பர்கள் "கோஆப் வாங்கலாமா, இல்லை வீடு நம் பெயரிலேயே பதிவாகும் காண்டோவே பார்க்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குவீன்ஸில், ஜாக்சன் ஹைட்ஸில், அதே அமைப்புள்ள வீட்டில் பல வருடங்களாகக் குடியிருக்கிறோம். தாராளமாக வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் சமையலறையையும் ஜன்னலையும் பார்ப்பதற்கு முன்னால் கட்டடத்தின் கணக்கு வழக்கைப் பாருங்கள்.

கோஆப்பில் வீடு நம் பெயரில் பத்திரப் பதிவு ஆகாது. மொத்தக் கட்டடமும் ஒரு கம்பெனியின் சொத்து. அந்தக் கம்பெனியில் நம் வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட பங்குகளைத்தான் வாங்குகிறோம். பங்குகளோடு சேர்த்து, அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை நீண்ட காலக் குத்தகையாக வருகிறது. வீடு பெரிதாக இருந்தால், பொதுவாக மேல் மாடியாக இருந்தால், பங்கு அதிகம். மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸும் ஒரு பங்குக்கு இவ்வளவு என்ற கணக்குதான். காண்டோவுக்குக் கடன் வாங்கினால் கட்ட வேண்டிய அடமானப் பதிவு வரி இதற்குக் கிடையாது. வாங்குகிற நேரத்தில் அது கணிசமான மிச்சம்.

மெயின்டனன்ஸ் தொகையைப் பார்த்துப் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். எங்களுக்கு மாதம் ஆயிரம் டாலருக்குச் சற்றுக் கீழே. சொத்து வரி, ஹீட்டிங், வெந்நீர், தண்ணீர், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரின் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். வருடா வருடம் நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். சொத்து வரியிலும் கட்டடக் கடன் வட்டியிலும் ஒரு பங்குக்கு எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும், வருமான வரி போடும்போது அது உதவும்.

கட்டடக் கடன் என்றேன் அல்லவா, அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். நாம் வாங்கும் கடன் தனி. கட்டடத்தின் மேலேயே கம்பெனி ஒரு அடமானக் கடன் வாங்கியிருக்கும். பெரும்பாலும் அசல் முழுக்கத் தீராது, தவணை முடியும்போது புதுக் கடனாக மாற்றுவார்கள். வட்டி குறைவாக இருந்த காலத்தில் வாங்கிய கடனை 2022-க்குப் பிறகு மாற்ற வேண்டி வந்த கட்டடங்களில் மெயின்டனன்ஸ் ஏறிவிட்டது. எங்கள் கட்டடத்திலும் ஏறியது. அதனால் கடன் எவ்வளவு, எந்த வருடம் முடிகிறது, கையிருப்பு நிதி எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள். கட்டடம் நிற்கும் மனை வேறொருவருடையது, கம்பெனி அதற்கு வாடகை கட்டுகிறது என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது போர்டு. குடியிருப்பவர்களே தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு சம்மதித்தால்தான் நமக்குப் பங்கு கிடைக்கும். சம்பள ரசீது, வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மெண்ட், வேலை இடத்துக் கடிதம், நண்பர்களின் பரிந்துரைக் கடிதங்கள் என்று தடிமனாக ஒரு கட்டு கொடுக்க வேண்டும். முன்பணம் குறைந்தது 20 சதவீதம் என்பது பரவலான விதி. வாங்கி முடித்த பிறகும் ஓராண்டு, ஈராண்டு தவணைக்குப் போதுமான பணம் கையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்களுக்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆனது. கடன் வட்டி விகிதத்துக்கு பேங்க் கொடுத்த கெடு முடிந்து, பணம் கட்டி நீட்ட வேண்டியிருந்தது. இன்று நினைத்தாலும் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கண்டிப்பால்தான் எங்கள் கட்டடத்தில் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவர்கள் அநேகமாக யாரும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த ஊரில் போர்டு என்ற அதிகாரத்துக்கு ஒரு கசப்பான பழங்கதையும் உண்டு. 1917-இல் 7 என்ற மெட்ரோ ரயில் வந்ததும் எட்வர்ட் மெக்டூகலின் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் இங்கே தோட்டத்தோடு கூடிய அடுக்குமாடிகளைக் கட்டி, கோஆப் முறையில் விற்றது. ஒரு பிளாக்கின் ஓரம் முழுக்கக் கட்டடம், நடுவில் பொதுத் தோட்டம். அந்த நாளில் யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் விற்பதில்லை என்று ஒதுக்கி வைத்தார்கள். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு தெற்காசியர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் வந்து குடியேறி ஊரின் முகமே மாறியது. இப்போது எங்கள் போர்டில் பங்களாதேஷ்காரர் ஒருவரும் கொலம்பியாவிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மாவும் இருக்கிறார்கள். யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் மேசையில் இவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது.

வீட்டுக்குள் வருவோம். நியூயார்க்கில் இந்த அமைப்பை ஜூனியர் ஃபோர் என்பார்கள். ஒரு பெட்ரூம், ஹால், சமையலறை, அதோடு சாப்பாட்டு மேசை போடுகிற அளவுக்குத் தனியாக ஒரு இடம். இந்தக் கடைசி இடம்தான் எங்களைக் காப்பாற்றியது. அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும்போது அங்கே கட்டில் போட்டு, திரை கட்டி, ஓர் அறையாகவே ஆக்கிவிடுவோம். பெற்றோர் வந்து தங்குவதற்கு எங்கள் கட்டடத்தில் தடை இல்லை. நாம் இல்லாதபோது விருந்தாளியை மட்டும் குடிவைப்பது என்றால்தான் கேள்வி வரும்.

குளிர்காலத்தில் நீராவி ரேடியேட்டர். விடிகாலையில் சுவருக்குள் டங் டங் என்று இரண்டு மூன்று அடி கேட்கும், அப்புறம் வால்வு குக்கர் மாதிரி சீறத் தொடங்கும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 டிகிரி இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். எங்கள் வீட்டில் 78 வரை போகிறது, ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறோம். ரேடியேட்டரை இடம் மாற்றலாம் என்று கேட்டதற்கு போர்டு முடியாது என்றுவிட்டது. நீராவிக் குழாய் கட்டடத்துக்குப் பொது. மன்ஹாட்டன் கோஆப் ஒன்றில் இதே மாதிரிக் குழாய் விவகாரம் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போய், 1990-இல் போர்டுக்குச் சாதகமாகவே தீர்ப்பானது. போர்டு நல்லெண்ணத்தோடு கட்டடத்தின் நன்மைக்காக எடுக்கும் முடிவில் கோர்ட் பொதுவாகத் தலையிடாது.

எல்லாவற்றையும்விட எங்களைப் படுத்தியது காஸ்தான். 2016-இல் வந்த சட்டப்படி கட்டடத்தின் காஸ் குழாய்களை நாலு வருடத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும். ஒரு சோதனையில் பேஸ்மெண்டில் சின்னக் கசிவு தெரிந்தது. அன்றே மொத்தக் கட்டடத்துக்கும் இணைப்பை மூடினார்கள். குழாய் மாற்றி, பர்மிட் வாங்கி, மறுபடி சோதித்து, அடுப்பு எரிய மாதக்கணக்கில் ஆகிவிட்டது. அதுவரை இண்டக்ஷன் அடுப்பில்தான் சமையல், கையில் இருந்த அலுமினியக் குக்கர் அதில் வேலை செய்யாது. இரும்பு தோசைக்கல் வேலை செய்யும், ஆனால் நடுவில் மட்டும் சிவந்து ஓரம் வேகாமல் நிற்கும். சொந்த வீட்டில் இருந்தாலும் இந்த ரிப்பேரை நாமே ஆள் வைத்து முடித்துவிட முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதே சமயம் கீழ் வீட்டுப் பாட்டியம்மாவுக்கு எல்லா வீட்டிலிருந்தும் முறை வைத்துச் சாப்பாடு போனது. கோஆப் என்பதால் ஒருவரையொருவர் தெரிந்திருந்தது, அதனால் நடந்தது என்றே நினைக்கிறேன்.

விதிகள் நிறைய. தரையில் 80 சதவீதம் கார்ப்பெட் இருக்க வேண்டும், வாஷிங் மெஷின் வைக்கக்கூடாது, செருப்பைக் கதவுக்கு வெளியே விடக்கூடாது, ஃபயர் எஸ்கேப்பில் துளசித் தொட்டி கூடாது. 1993-இலிருந்து இந்த ஊரின் ஒரு பங்கு நகரம் பாதுகாக்கும் வரலாற்றுப் பகுதி என்பதால், வெளிப்புறத்தில் கை வைக்கிற வேலைக்கு நகர அனுமதியும் வேண்டும். எங்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று வருபவர்களுக்கு மட்டும் இது சரிப்படாது. பெரும்பாலான போர்டுகள் உள்வாடகைக்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கின்றன.

ஊரைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பேசி முடியாது. 74-ஆம் தெருவில் இறங்கினால் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும். அங்கேயே இ, எஃப், எம், ஆர், 7 என்று ஐந்து ரயில்கள். 7-இல் ஏறி ஃப்ளஷிங்கில் இறங்கி கொஞ்ச தூரம் போனால் போன் தெரு (Bowne Street) பிள்ளையார் கோயில், 1977-இல் கும்பாபிஷேகம் ஆனது. கீழே கேன்டீனில் தோசை. 2020-இல் கார்களுக்குக் கட்டுப்பாடு போட்டுத் திறந்துவிட்ட 34-ஆம் அவென்யூவில் அப்பா காலையும் மாலையும் நடப்பார், வழியில் பார்ப்பவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வார்.

மேல் வீட்டைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் வக்கீலை அனுப்பி, போர்டு கூட்டக் குறிப்புகளைக் கடைசி இரண்டு மூன்று வருடத்துக்குப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாய்லர், மூட்டைப்பூச்சி, வழக்கு எது இருந்தாலும் அதில் தெரியும். விற்கும்போது கம்பெனிக்குக் கட்ட வேண்டிய ஃப்ளிப் டாக்ஸ் எத்தனை சதவீதம், யார் கட்டுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மொட்டைமாடிக் கூரையை அடுத்த வருடம் மாற்றப் போகிறோம். பங்குக்கு இவ்வளவு என்று தனி வசூல் வரும், அதை விற்பவர் கட்டுவதாக இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.